கைவீசி நடந்த கதை

இனிமேல் நான் பை தூக்க மாட்டேன்.

இதை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, உரத்த குரலில் அறிவித்தேன். வெளியே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் என் மனைவி சௌந்திரத்துக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் மோட்டாரைப் போட்டிருந்தேன். ஆனாலும் அறிவிப்பு அறிவிப்புதான்.

என் கோபத்தில் நியாயம் உண்டு. திருச்செங்கோடு டிப்போவில் முப்பத்துமூன்று வருடம் கண்டக்டராக இருந்தவன் நான். மணியன் என்று பெயர் சொன்னால் சங்ககிரி வரைக்கும் தெரியும். அத்தனை வருடமும் அக்குளில் ஒரு தோல்பை. ஓய்வு பெற்ற அன்று மாலை அதை ஒப்படைத்தேன். ரோஜா மாலை போட்டார்கள், கை தட்டினார்கள், நான் அழக்கூடச் செய்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு சௌந்திரம் என் கையில் ஒரு மஞ்சள் பையைத் திணித்தாள். என் வாழ்நாளில் நான் பையில்லாமல் இருந்தது மொத்தம் பதினான்கு மணி நேரம். அதில் எட்டு மணி நேரம் தூங்கிவிட்டேன்.

பிறகு சர்க்கரை வந்தது. தினமும் முக்கால் மணி நேரம் நடங்கள், கையை நன்றாக வீசி நடங்கள் என்றார் டாக்டர். பக்கத்தில் நின்ற சௌந்திரத்தின் காதில் 'நடங்கள்' மட்டும் விழுந்தது. கை டாக்டரோடு நின்றுவிட்டது. எப்படியும் நடக்கத்தானே போகிறீர்கள், வழியில் ராகியை மில்லில் அரைத்துவிடுங்கள். எப்படியும் நடக்கத்தானே போகிறீர்கள், தேங்காய் நாலு. 'எப்படியும்' என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் அவன் தலையில் அந்த ராகி மூட்டையை வைப்பேன்.

மலையைச் சுற்றும் பாதையில் என் வயதுக்காரர்கள் எல்லாம் இரண்டு கையையும் வீசிக்கொண்டு போவார்கள். நான் மட்டும் ஒரு பக்கம் ஆள் ஏறிய டவுன் பஸ்ஸைப் போல இடப்பக்கம் சாய்ந்துகொண்டு போவேன். எதிரே வந்த ஒருவர், "ஏனுங்க, பக்கவாதமுங்களா?" என்று பரிவோடு கேட்டார். மறுநாள் காலையில்தான் குளியலறை அறிவிப்பு.

அறிவித்துவிட்டேன். நிறைவேற்றுவது எப்படி? சௌந்திரத்திடம் நேராகப் போய்ச் சொல்லலாம். சொல்லலாம்தான்.

இந்த நேரத்தில்தான் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் தெருவில் ரிக் லாரி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுகிற தமிழரசு, வார்டு கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நின்றான். சின்னம் சீப்பு. ஓட்டுக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவன், என் குரலைக் கேட்டு அசந்துபோனான். ஐந்தாறு தெருவுக்கு மைக் வேண்டாம், நீங்கள் ஒருவர் போதும், காலையில் எங்களோடு வந்து வீடு வீடாக நோட்டீஸ் கொடுங்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

என் மண்டையில் பல்பு எரிந்தது. ஒரு கையில் நோட்டீஸ் கட்டு. இன்னொரு கையில் வாக்காளர் பட்டியல். பையை எந்தக் கையில் தூக்குவது? காலையில் நடையும் ஆயிற்று, பையும் ஒழிந்தது. வரச் சம்மதித்தேன்.

சௌந்திரம் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

"அவனுக்கா ஓட்டுக் கேக்கப் போறீங்க? அவன் ரிக்கு வண்டியக் கொண்டாந்து நம்ம ஊட்டு முன்னாலதான நிறுத்தறான்? ஆயிலு ஒழுகி ஒழுகி வாசலே கறுத்துப் போச்சு. என்ற கோலத்து மேல டயரு ஏறாத நாளு உண்டுங்களா?"

"செயிச்சா வண்டிய அக்கட்ட நிறுத்திக்கறேன்னு சொல்லிருக்கறான்."

"செயிச்சா இன்னொரு வண்டி வாங்குவானுங்க. எதுத்து நிக்கறாளே மஞ்சுளா, தையல் கடக்காரி, அவ சொல்றா, வந்த ரெண்டாம் நாளு வண்டி தெருவ உட்டுப் போயிரும்னு. அவளுக்கு என்ன சின்னம் தெரியுமுங்களா? முறம்."

"முறத்த வெச்சு என்ன பண்றது?"

"பொடைக்கறதுங்க."

அவள் அரிசியைச் சொன்னாளா ஆளைச் சொன்னாளா என்று தெரியவில்லை. நான் விடவில்லை. மார்பை நிமிர்த்தினேன். வீட்டுக்குள் என் மார்பு நிமிர்ந்தது அன்றுதான் முதல்முறை, ஒரு பித்தான்கூடத் தெறித்தது. தமிழரசு செயித்துவிட்டால் இந்த ஆயுளுக்கும் நான் பையைத் தொட மாட்டேன், சம்மதமா என்று கேட்டேன். தோற்றால், என்று கேட்டாள் சௌந்திரம். தோற்றால் நீ எந்தப் பையைக் கொடுத்தாலும் வாய் பேசாமல் தூக்குகிறேன் என்றேன். சரி என்றாள் அவள். பிறகு, தெறித்து விழுந்த பித்தானைக் குனிந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முதல் வாரம் நான் நடந்த நடை இருக்கிறதே, அது நடை. வாக்காளர் பட்டியலை இடுப்பில் செருகிக்கொண்டு, நோட்டீஸைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் வீசினேன். காற்று அக்குளுக்குள் புகுந்து போனது. முப்பத்துமூன்று வருடமாக அங்கே காற்றுப் பட்டதில்லை.

தலையில் ஒரு முடிகூட இல்லாத நான் சீப்பைத் தூக்கிக் காட்டி ஓட்டுக் கேட்டால் ஜனங்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். சிரித்த வாய் மறுக்காது என்பது என் கண்டக்டர் அனுபவம். பழக்க தோஷத்தில் ஒவ்வொரு வாசலிலும், "படியில நிக்காதீங்க, முன்னால வாங்க" என்றுதான் ஆரம்பிப்பேன். அவரவர் வீட்டுப் படியிலிருந்தே அவரவர் இறங்கி முன்னால் வந்தார்கள். அது குரல்.

மூன்றாவது தெருவில் ராமாத்தாள் என்ற அம்மாள், கூரையேறிய அரசாணிப் பூசணிக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "இது வாழப்பழச் சீப்புங்களா, தலை சீவற சீப்புங்களா?" என்று கேட்டார். தலை சீவுகிறதுதான் என்றேன். என் தலையை ஒருமுறை பார்த்தார். "அப்ப வாழப்பழந்தானுங்க பொருத்தமா இருந்துருக்கும்" என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஓட்டைக் கேட்டேன். "ஆகட்டுங்க" என்றார்.

'ஆகட்டுங்க.' எப்பேர்ப்பட்ட வார்த்தை. அந்த வாரம் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு ஏறினேன். இருநூற்று ஒன்பது வீட்டில் 'ஆகட்டுங்க' என்றார்கள். மற்ற மூன்று வீடும் பூட்டியிருந்தன. ஒவ்வொரு 'ஆகட்டுங்க'வுக்கும் பட்டியலில் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டேன். முறத்தில் போட்டுப் புடைத்தாலும் ஒன்றுகூடப் பறக்காத ஓட்டுகள். இன்னொன்றையும் எல்லா வீட்டிலும் கேட்டார்கள்: அம்மா வரலீங்களா? எங்கள் பக்கத்து மரியாதை, வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொழுதோடு, பட்டியலை சௌந்திரத்தின் முன்னால் விரித்து வைத்தேன். இனி உன் மஞ்சள் பையைக் கொண்டுபோய் மியூசியத்தில் வை என்ற தோரணையில் உட்கார்ந்துகொண்டேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கப் பார்த்தாள்.

"எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"ஆகட்டுங்கன்னாங்க. அத்தன பேரும்."

"போன மாசம் பரண சுத்தம் பண்ணுங்கன்னு சொன்னனே, நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆகட்டுமுன்னேன்."

"எங்கக்கா ஊட்டுச் சீருக்கு நேரத்துல கெளம்புங்கன்னு சொன்னப்ப?"

"ஆகட்டுமுன்னேன்."

"முப்பத்தஞ்சு வருசமா நீங்க சொன்ன ஆகட்டுல எதாச்சும் ஒண்ணு ஆச்சுங்களா?"

நான் பட்டியலைப் பார்த்தேன். இருநூற்று ஒன்பது சிவப்பு டிக். இருநூற்று ஒன்பது பேரும் என்னைப் போலவே தலையாட்டியிருக்கிறார்கள். இந்த ஊரில் பிறந்து, இந்த வார்த்தையைத் தினம் பத்து தடவை மனைவிக்குச் சொல்லிவிட்டு, அதையே அடுத்தவர் சொன்னபோது நம்பியிருக்கிறேன். பை கண்ணுக்கு முன்னால் வந்து ஆடியது.

அம்மா வரலீங்களா என்று கேட்டார்களா என்றாள் சௌந்திரம். கேட்டார்கள் என்றேன், எல்லா வீட்டிலும்.

அவள் பெருமூச்சு விட்டாள். "கல்யாணத்துக்குக் கூப்புடப் போனா, ஆம்பள மட்டும் போயி வாசல்ல நின்னு சொன்னா ஆராச்சும் வருவாங்களா? ஊட்டுப் பொம்பள உள்ள போயி, பொட்டு வெச்சு, வாங்கன்னு சொன்னாத்தான அழைச்ச மாதிரி. நீங்க சொல்லிட்டு வந்தது வெறும் சேதிங்க. அழைப்பே ஆரும் போகல. அவிய அதத்தான் கேட்டுருக்கறாங்க."

எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். கொள்ளுப் பேரனுக்குக் காது குத்துவதாக இருந்தாலும் பெண் போய்ப் பெண்ணை அழைக்காவிட்டால் அந்த வீட்டில் இருந்து குஞ்சு குளுவான்கூட எட்டிப் பார்க்காது. நான் ஒரு வாரமாக வார்டு முழுக்க அழைப்பில்லாத கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வேறு வழியில்லை. சௌந்திரத்தைக் கூட வரச் சொல்லிக் கேட்டேன். எனக்கு எதற்கு அரசியல் என்றாள். கெஞ்சினேன். முட்டி வலி என்றாள். காலைப் பிடித்துவிடுகிறேன் என்றேன். பிடித்தும் விட்டேன். வலது காலை முடித்து இடது காலுக்குப் போன பிறகு, சரி வாரேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றாள். வாசலில் பேசுவது நான். உள்ளே பேசுவது அவள். உள்ளே என்ன பேசினாள் என்று நான் கேட்கக் கூடாது.

"ஆகட்டும்" என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே.

அடுத்த பத்து நாள் நாங்கள் இருவரும் சேர்ந்து போனது ஊர்வலம் மாதிரி இருந்தது. கல்யாணமான புதிதில்கூட இப்படிச் சேர்ந்து நடந்ததில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஒரு வீட்டு முன்னால் நின்று நான், "படியில நிக்காதீங்க, முன்னால வாங்க" என்பேன். ஆண்கள் முன்னால் வருவார்கள். சௌந்திரம், "ஒரு வாயி தண்ணி குடிச்சுட்டு வாரேனுங்க" என்று குங்குமச் சிமிழோடு படியேறி உள்ளே போய்விடுவாள். வாசலில் நான் சாக்கடை, தெருவிளக்கு, தமிழரசு, சீப்பு என்று விரிவாகப் பேசுவேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் பேச்சைக் கொஞ்சம் நீட்டுவேன். அவளுக்கு நேரம் வேண்டாமா?

ராமாத்தாள் வீட்டில் உள்ளே போனவள் வெளியே வர அரைமணி நேரம் ஆனது. தமிழரசு கட்டப் போகும் சமுதாயக் கூடத்துக்குப் பெயின்ட் வரைக்கும் நான் அடித்து முடித்துவிட்டேன். சாரதாமணி என்று ஒரு ரிடையர்டு டீச்சர், அவர் வீட்டுக்காரருக்கு நாமக்கல் ரோட்டில் கோழிப்பண்ணை. அந்த வீட்டில் சௌந்திரம் காப்பியே குடித்துவிட்டு வந்தாள். எனக்கு வாசலில் தண்ணீர் வந்தது. போகட்டும், வெற்றிக்கு உழைப்பவன் காப்பியைப் பார்க்க மாட்டான்.

வெளியே வரும்போது அத்தனை பெண்களும் சௌந்திரத்தோடு வாசல் வரை வந்து, என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அப்படி ஒரு புன்னகை. மகளிர் ஓட்டு மொத்தமும் சீப்புக்கு விழுந்துவிட்டது என்று தமிழரசுவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். உங்களை மறக்கவே மாட்டேன் மாமா என்றான் அவன்.

உள்ளே என்ன பேசினாய் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. சொன்ன சொல் சொல்தான். கேட்டிருக்கலாம்.

ஓட்டு எண்ணிக்கை நாள். மதியம் பன்னிரண்டுக்கு முடிவு வந்தது. முறம் நூற்றுப் பதினாறு ஓட்டு வித்தியாசத்தில் சீப்பைப் புடைத்துவிட்டது. தமிழரசு என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க விரும்பவில்லை. மறக்கவே மாட்டேன் என்று சொன்னான் அல்லவா, மறக்க மாட்டான்.

வீட்டுக்கு வந்து ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு மேளம் வந்தது. மஞ்சுளா, கழுத்து நிறைய மாலையோடு, கையில் ஒரு பொன்னாடையோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள். தோற்றவனையும் மதிக்கிறாளே என்று மனம் நெகிழ்ந்து எழுந்து, துண்டை எடுத்துவிட்டுக் குனிந்து தலையைக் கொடுத்தேன். பொன்னாடை என்னைத் தாண்டிப் போய் சௌந்திரத்தின் தோளில் விழுந்தது.

"அக்கா இல்லீனா இந்த வெற்றியே இல்லீங்க. ஒரு ஊடு பாக்கியில்லாம உள்ள போயிப் பேசிருக்கறாங்க" என்றாள் மஞ்சுளா. பிறகு என் பக்கம் திரும்பி, கும்பிட்டாள். "அண்ணா, உங்களுக்குந்தானுங்க நன்றி சொல்லோணும். நீங்க வாசல்ல ஆம்பளைங்கள அத்தன நேரம் புடிச்சு வெச்சுருக்காட்டி, அக்காளால உள்ள நிம்மதியாப் பேசிருக்க முடியுமுங்களா?"

நான் சௌந்திரத்தைப் பார்த்தேன். அவள் பொன்னாடையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மேளம் போன பிறகு வெடித்தேன். இது துரோகம், நம்பிக்கை மோசடி என்றேன். என் காலால் நடந்து, என் குரலால் கூப்பிட்டு, என் ஆளையே தோற்கடித்திருக்கிறாய் என்றேன். சீப்புக்குக் கேட்பேன் என்று நான் எப்போது சொன்னேன், கூட வருவேன் என்றுதானே சொன்னேன் என்றாள். யோசித்துப் பார்த்தேன். அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

இரண்டாம் நாள் ரிக் லாரி தெருவை விட்டுப் போனது. மூன்றாம் நாள் விடிகாலையில் எங்கள் வாசலில் பதினைந்து புள்ளி, பதினைந்து வரிசையில் கோலம். அதைத் தாண்டிக்கொண்டு நான் நடைக்குக் கிளம்பினேன். பந்தயத்தில் தோற்றவன்தான். அதற்காக? வஞ்சகத்தால் வந்த தோல்வியைத் தோல்வி என்று ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை. மஞ்சள் பை கதவு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நின்று, சௌந்திரத்துக்கு நன்றாகக் கேட்கும்படி, மோட்டார் கீட்டார் எதுவும் போடாமல் சொன்னேன்.

"பை எடுத்துட்டுப் போக மாட்டேன். என்ன பண்ணுவியோ பண்ணிக்க."

பெரிய சண்டையை எதிர்பார்த்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போயிட்டு வாங்க, கையை நல்லா வீசி நடங்க என்றாள். டாக்டர் சொன்னது இத்தனை நாளுக்குப் பிறகு அவள் காதில் முழுதாக விழுந்திருக்கிறது.

நடந்தேன். ஒரு மனிதன் தன் வீட்டில் நின்று ஒரு முறை 'முடியாது' என்று சொல்லிவிட்டால், அவன் கை எவ்வளவு உயரம் வீசும் என்பதை எங்கள் வார்டு அன்று பார்த்தது. முதல் தெரு, இரண்டாம் தெரு, காற்றாக. தேர்தல் போனால் போகிறது, பந்தயம் போனால் போகிறது, சுதந்திரம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது தெருவுக்குள் திரும்பினேன்.

ராமாத்தாள் வாசலிலேயே நின்றிருந்தார். "அண்ணா, கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லி, எட்டுக் கிலோ தேறும் ஓர் அரசாணிக்காயை என் இரண்டு கைக்கும் நடுவில் வைத்தார். "அக்காகிட்டக் குடுத்துருங்க."

பை இல்லையே என்றேன்.

"தெரியுமுங்க. அக்கா முன்னாடியே சொல்லிருந்தாங்க. நம்மூட்டுக்காரரு காலையில இந்தப் பக்கந்தான் வருவாரு, கையி சும்மாதான் இருக்கும், எதா இருந்தாலும் குடுத்து உடுங்கன்னு."

அடுத்த வாசலில் முருங்கைக்காய்க் கட்டு. அதை அந்தப் பெண்ணே என் அக்குளில் செருகிவிட்டாள். அதற்கடுத்த வீட்டில் தயிர். தூக்குப்போசியை என் வலது சுண்டுவிரலில் மாட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு கத்தை கறிவேப்பிலையை அதில் கொடுத்துவிட்டார்கள். சாரதாமணி டீச்சர் கேட்டருகே முட்டை அட்டையோடு காத்திருந்தார். முப்பது முட்டை. எங்கே வைப்பது என்று சுற்றிவந்து பார்த்தார். கடைசியில் அரசாணிக்காயின் மேல் வைத்து, தாடையால் அமுக்கிக்கொள்ளச் சொன்னார். இருபத்தைந்து வருடம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவர், சொன்னால் செய்யாமல் இருக்க முடியவில்லை.

பத்து நாளில் அவள் வார்டு முழுக்க உள்ளே போய் என்ன பேசினாள் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. முறத்துக்கு ஓட்டு அதில் பாதிதான்.

அரைக் கிலோமீட்டர். தாடையைத் தூக்கினால் முட்டை, அக்குளைத் திறந்தால் முருங்கை, விரலை மடக்காவிட்டால் தயிர். வழியில் மூன்று பேர் வணக்கம் சொன்னார்கள். வாயில் கறிவேப்பிலையோடு புருவத்தால் பதில் வணக்கம் சொன்னேன். ஆனாலும் ஒன்று. நான் பை தூக்கவில்லை. அதை யாரும் மறுக்க முடியாது.

வீட்டு வாசலில் சௌந்திரம் நின்றிருந்தாள். கோலத்தை மிதித்துவிடாமல் சுற்றி வரச் சொன்னாள். சுற்றி வந்தேன். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, என் வாயிலிருந்த கறிவேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"பை கொண்டு போயிருந்தா ஒரு கையாச்சும் வீசியிருக்கலாமுங்க" என்றாள்.